கருவியைத் தெரிந்துகொள்ளுதல்



இந்த வாரச் சிந்தனையின் பொருள் சிலருக்கு வியப்பளிக்கலாம். எழுத்தாணியோடு கூடிய டேப்லெட் ஒன்றை எப்படித் தெரிந்துகொள்வது என்பது போதகர் எழுதவேண்டிய காரியமா என்றும் கேட்கலாம். ஆனால் கடந்த சில மாதங்களாக நான் சந்தித்த வீடுகளில் இக்கேள்வி மீண்டும் மீண்டும் எழுகிறது. கேட்பவர்கள் வசதி படைத்தவர்கள் அல்லர். ஒரு பொருளை ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகள் அதைக்கொண்டே வாழவேண்டிய குடும்பத்தார். அவர்கள் செலவிடப்போவது பல மாதங்களின் உழைப்பு. ஆகவே நான் கேட்டறிந்தவற்றையும் கண்டறிந்தவற்றையும் ஒழுங்குபடுத்தி உங்கள் முன் வைக்கிறேன்.

நம் சபையைச் சேர்ந்த தாயார் ஒருவர் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். கணவர் மறைந்து ஆண்டுகள் பல ஆகின்றன. அவர் கட்டிவந்த சீட்டு முதிர்ந்து 40,000 ரூபாய் கைக்கு வந்தது. அந்தப் பணத்தில் ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய எண்ணம். ஓரம் அடிப்பதற்காக ஒவ்வொரு முறையும் துணியை வேறொரு கடைக்கு அனுப்பி, அதற்குக் கூலி கொடுத்து, காத்திருந்து வாங்கிவரும் சிரமம் அவருக்கு இருந்தது. அதே வேளையில் அவருடைய மகள், பட்டப்படிப்பு முடித்தவள், படம் வரைவதில் நல்ல தேர்ச்சி உடையவள், டேப்லெட் ஒன்று வேண்டும் என்று கேட்டாள். கைபேசியில் விரலால் வரைந்தே இரண்டு மூன்று திருமண அழைப்பிதழ்களுக்குப் படம் செய்து கொடுத்திருந்தாள். வாங்கினால் ஐபேட் வாங்கு, இல்லையேல் எதுவும் வேண்டாம் என்றார் தாய்மாமன். படம் வரைய ஒரு காகிதம் போதாதா என்றார் பெரியம்மா. இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நின்ற அந்தத் தாயார் ஒருநாள் ஆராதனை முடிந்தபின் என்னிடம் கேட்டார்: "ஐயா, இது விளையாட்டுச் சாமானா, தொழில் சாமானா? அதை மட்டும் சொல்லுங்க."

நேர்மையான கேள்வி. விளையாட்டுச் சாமான் என்றால் மெஷினே முந்தவேண்டும். தொழில் சாமான் என்றால், ஒரே பணத்தின்மேல் இரண்டு பேருடைய உழைப்பும் உரிமை கோருகிறது. எனவே உடனே விடைசொல்ல நான் துணியவில்லை. பொருளைப் பார்க்கலாம், வேலையைப் பார்க்கலாம், பிறகு பேசலாம் என்றேன்.

பெரியம்மாவின் கூற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். காகிதம் இருக்கும்போது கண்ணாடிப் பலகை எதற்கு என்பது அவருடைய கேள்வி. ஆனால் எழுதும் கருவியும் எழுதப்படும் பரப்பும் காலந்தோறும் மாறியே வந்திருக்கின்றன. சீகன்பால்கு ஐயர் 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது, நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். அவரும் அவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். பெரியோர் ஓலையில் இரும்பு எழுத்தாணியால் கீறினார்கள். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடோ 1715-இல் அச்செழுத்தில் முழுமையாக வெளிவந்தது. மணல், ஓலை, அச்சு என்று ஒரே தலைமுறையில் மூன்று பரப்புகள். ஒவ்வொரு பரப்பும் எழுதுபவரின் கையைத் தன் வழிக்குக் கொண்டுவந்தது. ஓலையில் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்பதால் ஓலை எழுதியோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள் என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். இன்று 'ஸ்டைலஸ்' என்று கடையில் கேட்டு வாங்குவதும் எழுத்தாணிதான். பரப்பு புதியது என்பதனால் மட்டும் ஒரு கருவி விளையாட்டுப் பொருளாகிவிடாது.

கைவேலையும் தேவனுடைய ஈவே. யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில் பெசலெயேலை நாம் சந்திக்கிறோம். பொன், வெள்ளி, வெண்கலம், இரத்தினக்கல், மரம் ஆகியவற்றில் சித்திர வேலை செய்ய அவன் பெயர்சொல்லி அழைக்கப்பட்டான். வரைகிற பிள்ளையைப் பார்த்து 'பொழுதுபோக்குகிறது' என்று சொல்லுமுன் அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசிப்பது நலம். ஆனால் தாலந்து உண்டு என்பதனாலேயே விலையுயர்ந்த கருவி வேண்டும் என்றும் ஆகிவிடாது. அதைத் தீர்மானிக்க மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும்.

முதலாவது: என்ன வேலைக்காக?

எழுத்தாணியோடு வரையும் கருவிகள் மூன்று வகைப்படும். இந்தப் பிரிவை அறியாமல் கடைக்குச் செல்வதே பலருடைய குழப்பத்திற்குக் காரணம்.

முதல் வகை, திரையில்லாத வரைபலகை. கணினியோடு இணைத்து மேசைமேல் வைத்துக்கொள்ளவேண்டும். பலகையில் எழுத்தாணி நகர, கோடு கணினித் திரையில் விழும். தனியே இதனால் ஒன்றும் செய்ய இயலாது. விலை சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். 1983-இல் ஜப்பானில் தொடங்கப்பட்ட வாக்கம் நிறுவனம் இத்துறையில் முன்னோடி; இன்று ஹுயான், எக்ஸ்பி-பென் போன்ற நிறுவனங்களும் குறைந்த விலையில் செய்கின்றன. இரண்டாம் வகை, திரையுள்ள வரைபலகை. இதற்கும் கணினி வேண்டும், ஆனால் வரையும் இடத்திலேயே படம் தெரியும். மூன்றாம் வகை, தனித்து இயங்கும் டேப்லெட். ஐபேட், சாம்சங் காலக்ஸி டேப் போன்றவை. கணினி வேண்டியதில்லை. பையில் போட்டுக்கொண்டு எங்கும் செல்லலாம்.

இம்மூன்றில் எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. நம் சபையிலேயே மூன்று பேரை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு தம்பி கட்டட வேலை நடக்கும் இடங்களில் பொறியாளராக இருக்கிறார். வரைபடத்தைத் திறந்து, இந்தச் சுவர் ஓரடி தள்ளவேண்டும் என்று அதன்மேலேயே குறித்து, உடனே அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும். வெயிலிலும் தூசியிலும் நின்றபடி செய்கிற வேலை. அவருக்குத் தனித்து இயங்கும் டேப்லெட்டே பொருந்தும்; திரையில்லாத பலகையால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வேதபாடக் குறிப்புகளைக் கையெழுத்தில் எழுதிச் சேமிக்க விரும்புகிறார். எழுத்தாணியின் அழுத்தத்திற்கேற்பக் கோடு தடிக்கவேண்டிய தேவை அவருக்கு இல்லை. எழுத்துத் தெளிவாக விழுந்தால் போதும். ஓவியருக்கான விலையுயர்ந்த எழுத்தாணியை அவர் வாங்கினால் அதன் பாதிக்குமேல் பயன்படாமலே கிடக்கும்.

மூன்றாவதாக, நான் சொன்ன அந்த மகள். அவளை அமரவைத்து, வேலை எப்படி வருகிறது, எங்கே செய்கிறாய், எப்படிக் கொடுக்கிறாய் என்று விவரமாகக் கேட்டேன். வீட்டில், தாயாரின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அமர்ந்து செய்கிறாள். வேலை கொடுப்பவர் ஓர் அச்சகத்தார். படத்தைப் பென் டிரைவில் கேட்கிறார். கைபேசியில் அவள் வரைந்த படம் ஒன்று சிறிய அளவில் சேமிக்கப்பட்டிருந்தபடியால், அச்சிட்டபோது விளிம்புகள் படிக்கட்டுப்போல் உடைந்து தெரிந்தன; அச்சகத்தார் அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஏ4 தாள் அளவில் தெளிவாக அச்சிட அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்பது வழக்கமான அளவு. அப்படியானால் படம் 2480-க்கு 3508 புள்ளிகள் இருக்கவேண்டும். அந்த அளவில் பல அடுக்குகளாக வரையக் கருவிக்கு நினைவகம் வேண்டும். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சோ நான்கு மைகளால் நிறம் காட்டுகிறது; ஆகவே திரையில் பளிச்சிடும் நீலம் தாளில் மங்கும் என்பதையும் அவள் பட்டுத் தெரிந்திருந்தாள். அவளிடம் பள்ளியில் அரசு வழங்கிய மடிக்கணினி ஒன்றும் இருந்தது. மெதுவாக ஓடியது, ஆனாலும் ஓடியது.

இவ்வளவையும் கேட்டபின் எனக்கு ஒன்று புலப்பட்டது. இது விளையாட்டல்ல. பணம் கொடுத்து வாங்கப்படுகிற, குறை கண்டால் திருப்பி அனுப்பப்படுகிற வேலை. தாயாருடைய தையலைப் போலவே.

இரண்டாவது: கைக்குப் பொருந்துகிறதா?

1 சாமுவேல் 17-ஆம் அதிகாரத்தில் சவுல் ராஜா தன் தலைச்சீராவையும் கவசத்தையும் தாவீதுக்கு அணிவித்ததை நினைவுகூருங்கள். அவை மட்டமானவை அல்ல, தேசத்திலேயே சிறந்தவை. தாவீது நடந்து பார்த்தான், பழக்கமில்லை என்று கண்டான், கழற்றி வைத்துவிட்டுத் தன் கவணையே எடுத்தான். அவன் கவசத்தைக் குறைசொல்லவும் இல்லை, பிறர் முன் நாணவும் இல்லை. நடந்து பார்த்தான் என்பதே நமக்குப் பாடம். விளம்பரத்தைப் பார்த்தும், பக்கத்து வீட்டாரைப் பார்த்தும் வாங்குகிற நாம் பெரும்பாலும் நடந்து பார்ப்பதில்லை.

எழுத்தாணியில் சோதிக்கவேண்டியவை சில உண்டு. முதன்மையானது அழுத்த உணர்வு. மெல்லத் தொட்டால் மெல்லிய கோடும், அழுத்தினால் தடித்த கோடும் விழவேண்டும். இதை அந்தத் தாயாருக்கு விளக்க நான் தடுமாறியபோது அவரே சொன்னார்: "மோட்டார் மெஷின்ல பெடல் மாதிரின்னு சொல்லுங்க. லேசா மிதிச்சா மெதுவா ஓடும், அமுக்கி மிதிச்சா வேகமா ஓடும்." அதைவிடச் சிறந்த விளக்கத்தை நான் கேட்டதில்லை. பெடல் இல்லாத மோட்டாரால் நேர்த்தையல் போடலாம்; கழுத்து வளைவைத் தைக்க முடியாது. அழுத்த உணர்வில்லாத எழுத்தாணியும் அப்படியே. குறிப்பெழுதப் போதும்; ஓவியத்திற்குப் போதாது.

பெட்டியின்மேல் 4096 அழுத்த நிலைகள், 8192 அழுத்த நிலைகள் என்று அச்சிட்டிருப்பார்கள். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைக் கை உணர்வது அரிது. எண்ணைவிட முக்கியமானது, மிக மெல்லத் தொட்டாலும் கோடு விழுகிறதா என்பதே. அடுத்தது சாய்வு. பென்சிலைச் சாய்த்து நிழல் தீட்டுவதுபோல் எழுத்தாணியைச் சாய்த்தால் கோடு அகலவேண்டும். அடுத்தது உள்ளங்கை. கையைத் திரைமேல் ஊன்றி வரையும்போது கை பட்ட இடத்திலெல்லாம் கோடு விழலாகாது. அடுத்தது தாமதம். எழுத்தாணி முன்னே செல்லக் கோடு பின்னே இழுபடுமானால் கண்ணும் கையும் விரைவில் களைத்துப்போகும். 2019-இல் ஆப்பிள் நிறுவனம் இந்தத் தாமதத்தை 20 மில்லி விநாடியிலிருந்து 9 மில்லி விநாடியாகக் குறைத்ததாக அறிவித்தது. அவ்வளவு சிறிய இடைவெளியையும் பொருட்படுத்திக் குறைத்தார்கள் என்றால், அது வரைபவருக்கு எவ்வளவு முக்கியம் என்று எண்ணிப் பாருங்கள். கடைசியாக, கண்ணாடிக்கும் அதன் கீழுள்ள படத்திற்கும் இடையேயான இடைவெளி. சில டேப்லெட்களில் இரண்டும் ஒட்டியே இருக்கும். விலை குறைந்தவற்றில் சற்றுத் தள்ளியிருக்கும். தள்ளியிருந்தால் முனை ஓரிடத்தில் நிற்க, கோடு வேறோரிடத்தில் விழுவதுபோல் தோன்றும். நுண்ணிய வேலை செய்பவர்களுக்கு இது தொல்லை.

மின்னூட்டத்தையும் கவனியுங்கள். சில எழுத்தாணிகளுக்குள் மின்கலமே கிடையாது. பலகையின் அடியில் உள்ள மெல்லிய கம்பிவலை ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. எழுத்தாணிக்குள் இருக்கும் சுருள் அதிலிருந்து ஆற்றலைப் பெற்று, தான் இருக்கும் இடத்தைத் தெரிவிக்கிறது. வாக்கம் இம்முறையைப் பயன்படுத்துகிறது. சாம்சங்கின் எஸ் பென்னும் இம்முறையிலேயே எழுதுகிறது. ஆப்பிள் பென்சிலுக்கு மின்னூட்டம் வேண்டும். அடிக்கடி மின்சாரம் தடைப்படும் ஊர்களில் இருப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ளலாம்.

இன்னொரு எச்சரிக்கை. எல்லா எழுத்தாணியும் எல்லாக் கருவியிலும் எழுதாது. ஆப்பிள் பென்சில் 2015, 2018, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் நான்கு வகையாக வெளிவந்திருக்கிறது. எந்த ஐபேடுக்கு எது என்று பார்த்தே வாங்கவேண்டும். அவற்றுள் 2023-இல் வந்த, விலை குறைந்த யுஎஸ்பி-சி பென்சிலில் அழுத்த உணர்வு இல்லை. நம் ஆசிரியைக்கு அது போதும்; ஓவியம் பயில்கிற பிள்ளைக்கு அதை வாங்கிக்கொடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். காலக்ஸி டேப் எஸ் வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு எழுத்தாணி பெட்டியிலேயே வந்துவிடுகிறது. ஐபேடுக்குத் தனியே வாங்கவேண்டும். சாலையோரக் கடையில் கிடைக்கும் ரப்பர் முனைக் குச்சி விரலுக்குப் பதிலாக மட்டுமே உதவும் என்பதையும் மறவாதிருங்கள்.

அம்மகளோடும் தாயாரோடும் நானும் ஒரு கடைக்குச் சென்றேன். வாங்கும் எண்ணத்தோடு செல்லவில்லை, நடந்து பார்க்கவே சென்றோம். அளவுகோலை வைத்து மிக மெதுவாகச் சாய்கோடு ஒன்று இழுக்கச் சொன்னேன். மட்டமான எழுத்தாணியில் அக்கோடு பாம்புபோல் நெளியும். பிறகு சிறிய எழுத்தில் 'ழ', 'ஞ', 'இ' எழுதச் சொன்னேன். சுழிகள் சிதையாமல் வருகின்றனவா என்று பார்த்தோம். கையை ஊன்றி, சாய்த்து, நீவி, அரைமணி நேரம் அவள் வரைந்தாள். கடைக்காரர் பொறுமையாக நின்றார். ஐபேடில் அவள் கை ஓடிய அழகைக் கண்டு தாயாருடைய கண்கள் கலங்கின. மகளுக்கு வேண்டியது அதுதான் என்று இருவருக்கும் தெரிந்தது. விலையும் தெரிந்தது.

அதன்பின் ஒருவரிடம் திரையில்லாத வரைபலகையை மூன்று வாரம் இரவல் பெற்றுக் கொடுத்தோம். கை மேசையில், கண் திரையில் என்பதால் முதல் வாரம் அவளுக்குக் கோடே நிற்கவில்லை. வட்டம் போட்டால் முட்டையாயிற்று. இரண்டாம் வாரத்தில் பிடிபட்டது. தையல் பழகுகிறவர்களும் முதலில் ஊசியையே பார்ப்பார்கள். பழகியபின் துணியைப் பார்ப்பார்கள் என்று தாயார் தைரியம் சொன்னதாக அறிந்தேன்.

மூன்றாவது: கணக்குப் பார்த்தோமா?

கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலாவது உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்பதை ஆண்டவர் லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் எடுத்துக்காட்டாகக் கூறினார். சீஷனாவதன் கிரயத்தைக் குறித்து அவர் சொன்னது அது. ஆயினும் அந்த எடுத்துக்காட்டு நடைமுறை வாழ்வையும் தொடுகிறது. முதலில் உட்காரவேண்டும். கடையில் நின்றுகொண்டு பார்க்கிற கணக்கு பெரும்பாலும் தவறும்.

ஐபேடின் விலை 30,000 ரூபாயைத் தாண்டும். அழுத்த உணர்வுள்ள எழுத்தாணிக்கு மேலும் பல ஆயிரம். உறை வேண்டும். தாள்போன்ற உணர்வுக்காக ஒட்டும் சொரசொரப்பான ஏடு வேண்டும். அது முனையைத் தேய்க்கும், ஆகவே மாற்று முனைகளும் வேண்டும். சிலவற்றில் சார்ஜர்கூடப் பெட்டியில் வருவதில்லை. தரையில் விழுந்து கண்ணாடி உடைந்தால் சீர்செய்யும் செலவு உண்டு. இவையனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டியபின்புதான் உண்மையான விலை தெரியும்.

மென்பொருளுக்கும் விலை உண்டு. புரோகிரியேட் ஐபேடுக்கென்றே செய்யப்பட்டது. ஒருமுறை பணம் செலுத்தினால் போதும். டேப்லெட்டில் கிளிப் ஸ்டூடியோ பெயின்ட் பயன்படுத்தச் சந்தா கட்டவேண்டும். மாதந்தோறும் சிறு தொகைதானே என்று தோன்றும்; வேலை வராத மாதத்திலும் அந்தத் தொகை போகும். கிருத்தா என்ற மென்பொருள் கணினிகளில் முற்றிலும் இலவசமாகக் கிடைக்கிறது. அச்சுக்குரிய நான்கு மை நிறமுறையிலும் அதில் வேலை செய்யலாம். விலையில்லாதது என்பதனால் அதைத் தாழ்வாக எண்ணவேண்டாம்.

பழைய கருவி வாங்குவோர் இரண்டைக் கவனியுங்கள். முன்பு வைத்திருந்தவர் தம் கணக்கிலிருந்து முற்றிலும் வெளியேறி, அந்தப் பூட்டை நீக்கியிருக்கிறாரா என்று உங்கள் கண்முன்னே திறந்து காட்டச் சொல்லுங்கள். இல்லையேல் ஐபேட் உங்கள் கையில் வெறும் கண்ணாடிப் பலகையாகிவிடும். மின்கலம் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்றும் பாருங்கள். தவணையில் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: இன்னும் வராத வேலையை நம்பித் தவணை கட்ட ஒப்புக்கொள்ளாதிருங்கள். வந்துகொண்டிருக்கிற வேலையின் வருமானம் தவணையைத் தாங்குமானால் மட்டும் சிந்தியுங்கள்.

பணத்தோடு நேரத்தையும் கணக்கிடவேண்டும். தனித்து இயங்கும் டேப்லெட்டில் வரையலாம். படமும் பார்க்கலாம், விளையாடலாம், நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருக்கலாம். திரையில்லாத பலகையில் வரைவதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாது. இளம்பிள்ளைகளுக்கு முதல் கருவி வாங்கும் பெற்றோர் இதை ஒரு குறையாக அன்றி ஒரு நன்மையாகவே எண்ணலாம்.

அந்த வீட்டில் ஒருநாள் இரவு, ஜெபித்தபின், மூவரும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தோம். ஐபேட் வாங்கினால் சீட்டுப் பணம் முழுவதும் தீரும். மெஷின் இன்னும் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போகும். அது மட்டுமல்ல, அச்சகத்தார் கேட்கிற முறையில் கோப்பைக் கொடுக்க எப்படியும் கணினி வேண்டும். நான் எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. நெடுநேரம் பேசாதிருந்த மகள், "அம்மாவுக்கு மெஷின் வரட்டும், எனக்குப் பலகை போதும்" என்றாள். முகம் வாடியிருந்தது; அதை மறைக்கவும் அவள் முயலவில்லை. தாயார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும்னு இல்ல, இப்போதைக்கு" என்றார். பத்துக்கு ஆறு அங்குலப் பரப்புள்ள வரைபலகை ஒன்றை 6,000 ரூபாய்க்குள் வாங்கினார்கள். மடிக்கணினிக்கு நினைவகம் கூட்டினார்கள். அதன்பின் கிருத்தா தடையின்றி ஓடுகிறது. மீதிப் பணம் ஓவர்லாக் மெஷினுக்கு முன்பணமாயிற்று. இன்றும் அவளுக்கு ஐபேடின்மேல் ஆசை உண்டு. அந்த ஆசையைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். வரும் வேலையிலிருந்து ஒரு பங்கை அதற்கென்று தனியே சேர்த்துவருகிறாள்.

ஒரே அறையில் இரண்டு தொழில் கருவிகள் ஓடுகின்றன. விளையாட்டுச் சாமானா, தொழில் சாமானா என்ற கேள்விக்கு இதுவே என் விடை. பொருளின் விலையோ, அதன்மேல் பொறித்த பெயரோ இதைத் தீர்மானிப்பதில்லை. காத்திருக்கிற வேலை ஒன்று இருக்குமானால், அந்த வேலைக்கு அந்தக் கருவி பொருந்துமானால், அது தொழில் கருவி. வேலை இல்லாமல் வாங்கப்படும்போது, இலட்ச ரூபாய்ப் பொருளும் விளையாட்டுப் பொருளே.

பெற்றோரே, பெரியோரே, உங்கள் வீட்டில் வரைகிற பிள்ளை இருக்குமானால், முதலில் அது என்ன வரைகிறது என்று அருகில் உட்கார்ந்து பாருங்கள். கருவி வேண்டாம் என்று மறுப்பது எளிது. கேட்டவுடன் வாங்கிக்கொடுப்பதும் எளிது. யாருக்காக வரைகிறாய், எதில் சிரமப்படுகிறாய் என்று கேட்டறிவதற்கே நேரம் செல்லும். அந்த நேரத்தைக் கொடுங்கள். நம் ஞாயிறு பள்ளிக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும் ஆண்டுதோறும் படங்கள் தேவைப்படுகின்றன. வரையத் தெரிந்த பிள்ளைகளிடம் அந்தப் பொறுப்பைக் கொடுப்போம்; கொடுக்கும்போது அவர்கள் உழைப்புக்குரிய மதிப்பையும் கொடுப்போம்.

வாலிபப் பிள்ளைகளே, கருவி வந்தபின்புதான் தொடங்குவேன் என்று காத்திருக்கவேண்டாம். ஒரு பென்சிலும் கணக்கு நோட்டின் பின்பக்கமும் உங்களிடம் உண்டு. கை பழகட்டும். வேலை எதுவென்று தெரியவரும்போது, அதற்குரிய கருவி எதுவென்றும் தெரியவரும். நண்பனுடைய கருவி நண்பனுக்குப் பொருந்தியதாய் இருக்கலாம். நீங்கள் நடந்து பாருங்கள்.

ஜெபம்: கைகளுக்குத் திறமையைத் தருகிற எங்கள் பரம தகப்பனே, எங்கள் வீடுகளில் வரைகிற, தைக்கிற, எழுதுகிற ஒவ்வொரு கையையும் ஆசீர்வதியும். குறைந்த பணத்தில் நிறைந்த பொறுப்போடு தீர்மானம் எடுக்கவேண்டிய தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும் ஞானத்தைத் தாரும். பிறரைப் பார்த்து ஏங்காமலும், பிறரை அற்பமாய் எண்ணாமலும், எங்களுக்குப் பொருந்தியதை அறிந்து எடுத்துக்கொள்ளும் தெளிவைத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.